நாலு வகைப் பறவை, ஒரே கூண்டு

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் தென்னையும் கொஞ்சம் மல்பெரியும் வைத்திருக்கிறேன். பட்டுப்புழு வளர்ப்பை நிறுத்திய பிறகு புழு மனை சும்மா கிடந்தது. அதற்குள் எட்டுக்கு ஆறு அடியில் கம்பி வலைக் கூண்டு அடித்து, லவ் பேர்ட்ஸ் ஆறு ஜோடி, காக்டெய்ல் ஒரு ஜோடி, ஃபிஞ்ச் மூன்று ஜோடி விட்டேன். மூன்று மாதம் முன்பு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடியும் அதே கூண்டில் சேர்த்தேன். இப்போது தினம் ஒரு தொல்லை. முட்டையிடத் தொங்கவிட்ட பானைகளை வருடம் முழுக்கக் கழற்றுவதில்லை. ஒரு பானைக்குள் இரண்டு லவ் பேர்ட்ஸ் குஞ்சுகள் தலையில் காயத்தோடு செத்துக் கிடந்தன. ஆண் ஃபிஞ்ச் ஒன்றுக்கு ஒரு கால் போய்விட்டது. லவ் பேர்ட்ஸ் பெட்டை ஒன்று உப்பிக்கொண்டு, வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கிக்கொண்டு, இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து செத்தது. சில ராத்திரி கூண்டே அதிர்கிறது. பக்கத்தில் நாட்டுக்கோழி இருபது உண்டு. கோழிக்கு விடும் சொட்டு மருந்தை இவற்றுக்கும் விடலாமா? தெரிந்தவர் ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சு தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன். கோனூர் கிளி வளர்க்கவும் ஆசை.

பதில்: கூண்டில் ஏதோ நோய் புகுந்துவிட்டது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளில் ஒன்றுகூட எனக்கு ஒட்டுநோய் போலத் தெரியவில்லை. ஆடு, மாடு, நாய், பூனை நான்கையும் ஒரே தொழுவத்தில் அடைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் கூண்டுக்குள் நடக்கிறது. எல்லாம் சின்னதாக, அழகாக இருப்பதால் ஒரே இனம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

முதலில் பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பட்ஜெரிகர். ஆஸ்திரேலியப் பறவை, அங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும். உண்மையான லவ் பேர்ட்ஸ் என்பது நீங்கள் ஆப்பிரிக்கன் என்று வாங்கிய குட்டை வால், கனத்த அலகுப் பறவைதான். பேரில் மட்டும்தான் இரண்டுக்கும் ஒற்றுமை, குணத்தில் கிடையாது. கொண்டைக் கிளியான காக்டெய்லும் குருவி போன்ற ஜீப்ரா ஃபிஞ்சும் ஆஸ்திரேலியாதான் என்றாலும் சுபாவம் வேறு.

இப்போது அந்தக் குஞ்சுகளுக்கு வருகிறேன். உங்கள் படங்களில் கூண்டின் மேல் வரிசையில் மூன்று பானை, கீழே ஒன்று, ஆக நான்கு தெரிகின்றன. அடுத்து மஞ்சள் பறவைகளின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்ஜெரிகரில் அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சுற்றியிருக்கும் சதை ஆணுக்கு நீலம், பெட்டைக்கு வெளிறிய அல்லது பழுப்பு நிறம். ஆனால் சிவப்புக் கண் மஞ்சளில் ஆணுக்கு அந்த நீலம் வராது, ரோஸ் கலந்த ஊதாவாக வழவழவென்று இருக்கும். உங்களுக்கு ஆண் என்று கொடுத்த இரண்டு மஞ்சள் பறவைகளின் மூக்கும் சொரசொரப்பான பழுப்பு. இரண்டும் பெட்டைகள். அப்படியானால் ஆறு ஜோடி என்று நீங்கள் வாங்கியது நான்கு ஆண், எட்டுப் பெட்டை. செத்த ஒன்று போக இப்போது ஏழு பெட்டைகளுக்கு நான்கு ஆண், நான்கு பானை.

பட்ஜெரிகர் கூடு கட்டாது. காட்டில் மரப்பொந்தைத் தேடும், பொந்துக்காகச் சண்டை போடும். சண்டைக்காரி பெரும்பாலும் பெட்டைதான். துணையும் பானையும் கிடைக்காத பெட்டை, அடுத்தவள் இரை எடுக்க வெளியே வந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்து குஞ்சின் மண்டையைக் கொத்திவிடும். நீங்கள் பார்த்த காயம் இதுதான். ஒழுங்காக ஜோடி சேர்ந்த பறவைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி மூன்று பெட்டைகளைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள், அல்லது கொடுத்துவிட்டு ஆண் வாங்குங்கள். நான்கு ஜோடிக்கு ஆறு பானையாவது வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில். உயரத்தில் இருக்கும் பானைக்குத்தான் போட்டி. நீங்கள் ஒன்றைக் கீழே தொங்கவிட்டது இடம் மிச்சம் பிடிக்கத்தான், ஆனால் மேலே இருக்கும் மூன்றுக்கும் அடிதடி கூடிவிட்டது.

ஃபிஞ்சின் காலைக் கடித்தது யார் என்று அடித்துச் சொல்ல முடியாது. என் சந்தேகம் ஆப்பிரிக்கன் மேல்தான். ஜோடிக்குள் அத்தனை பாசமாக ஒட்டி உட்காரும் பறவை, வெளி ஆளைக் கண்டால் குறி வைப்பதே காலைத்தான். அதை வேறு எந்த வகையோடும் சேர்க்காதீர்கள், இன்றைக்கே பிரித்துவிடுங்கள். மூன்றடி நீளம், இரண்டடி உயரக் கூண்டு ஒரு ஜோடிக்குப் போதும். உங்களுடையது முகம் மட்டும் செம்மஞ்சளாக இருக்கும் வகை. அதற்குப் பச்சைத் தென்னோலையை நறுக்கிப் போட்டுப் பாருங்கள். பெட்டை ஓலையை அலகால் ஒரே அகலத்தில் நாராகக் கிழித்து, முதுகுக்குக் கீழே இறகுக்குள் செருகிக்கொண்டு முட்டையிடும் பெட்டிக்குப் பறக்கும். பாதி வழியில் விழும், மறுபடி எடுக்கும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. இதில் ஆண் பெண் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பெட்டியில் எட்டு, பத்து முட்டை சேர்ந்து ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்றால் இரண்டுமே பெட்டையாக இருக்கலாம். பிடுங்கிய இறகை ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎன்ஏ சோதனையில் உறுதி செய்யலாம்.

ராத்திரி அதிர்ச்சிக்குக் காரணம் காக்டெய்ல். இருட்டில் எலி ஓடினாலோ, வண்டி வெளிச்சம் சட்டென்று அடித்தாலோ மிரண்டு எழும்பிக் கம்பியில் மோதிக்கொள்ளும். ஒன்று மிரண்டால் கூண்டே மிரளும், அடைகாக்கும் பறவைகளும் முட்டையை விட்டுக் கிளம்பிவிடும். காலையில் அதன் இறக்கை நுனியில் ரத்தம் இருக்கிறதா பாருங்கள். ஜீரோ வாட் பல்பு ஒன்றை ராத்திரி முழுக்க எரியவிட்டால் போதும். அப்புறம் எலி. பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ வராமல் இருக்கப் புழு மனை ஜன்னலுக்கு அடித்த நைலான் வலை கொசுவுக்கு நல்ல தடை, அப்படியே இருக்கட்டும். எலிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளிப்பக்கம் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள்.

பெரிய கூண்டை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியில் பட்ஜெரிகர் மட்டும், மறு பாதியில் காக்டெய்லும் ஃபிஞ்சும் விடுங்கள். காக்டெய்ல் சாது, ஃபிஞ்சைத் தொந்தரவு செய்வது குறைவு. தடுப்புக்கு ஒற்றை வலை போதாது, இரண்டு அங்குல இடைவெளி விட்டு இரட்டை வலையாகப் போடுங்கள். வலையைத் தொற்றிக்கொண்டிருக்கும் ஃபிஞ்சின் விரலை பட்ஜெரிகர் அந்தப் பக்கத்திலிருந்தே கடிக்கும். புது ஜிஐ கம்பியில் துத்தநாகப் பொடி ஒட்டியிருக்கும், கிளி இனம் கம்பியை நக்கிக்கொண்டே இருக்குமென்பதால் அது விஷமாகிவிடும். வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்ட பிறகு அடியுங்கள். உட்காரும் குச்சிக்குக் கடையில் விற்கும் வழவழப்பான உருளை வேண்டாம். உங்கள் மல்பெரிக் கிளைகளே அருமையானவை, மருந்தடிக்காத செடியாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, செத்துப்போன பெட்டை. உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது, வால் மேலும் கீழும் ஆடியது, முக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டது என்றுதான் தோன்றுகிறது. பானைகளை வருடம் முழுக்கக் கழற்றவே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பானை இருக்கும்வரை பெட்டை இட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுவிட்டு ஒருநாளாக நான்கிலிருந்து ஆறு முட்டை, 18 நாள் அடை, குஞ்சு வெளியே வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். அதற்குள் அடுத்த ஈடு முட்டை. வெறும் தினையை மட்டும் தின்று இத்தனை ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். கணவா மீனின் ஓடுதான் அது. கூண்டுக்கு ஒன்று கட்டிவிட்டால் அவையே கொறித்துக்கொள்ளும். காலை வெயில் கூண்டுக்குள் விழ வேண்டும். இரண்டு ஈடு முடிந்ததும் பானையைக் கழற்றி நான்கைந்து மாதம் ஓய்வு கொடுங்கள். இனி ஒரு பெட்டை அப்படி உட்கார்ந்தால் வயிற்றை அமுக்கக் கூடாது, உள்ளேயே முட்டை உடைந்தால் பறவை போய்விடும். அட்டைப்பெட்டியில் விட்டு, ஒரு பக்கம் பல்பு போட்டுக் கதகதப்பாக, பக்கத்தில் ஈரத்துணியோடு வைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உடுமலைப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தீனியில் பாதிக்கு மேல் தினை, மீதி சாமை, கம்பு, கொஞ்சம் நெல் இருக்கட்டும். முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, வாரம் இரண்டு முறை வேகவைத்த முட்டை கொடுங்கள். குஞ்சு இருக்கும் நாட்களில் முட்டை தினமும் வேண்டும், சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அவகாடோ பழத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கொன்றுவிடும். இன்னொன்று, தீனித் தட்டை மேலே ஊதிப் பாருங்கள். இந்தப் பறவைகள் உமியைத் தட்டிலேயே உரித்துப் போடும். நிறைந்த தட்டு போலத் தெரியும், உள்ளே வெறும் உமி. ஒரு நண்பர் வெளியூர் போனபோது அவர் பறவைகளை என்னிடம் விட்டிருந்தார். தட்டு நிறைந்திருக்கிறதே என்று இருந்துவிட்டேன், இரண்டு பறவைகள் பசியிலேயே போயின.

ஃபிஞ்சுக்குத் தேங்காய் நார் கொடுத்தது சரி, ஆனால் முட்டையிட்ட பிறகும் கூண்டில் நார் கிடக்கக் கூடாது. கிடைத்தால் முட்டை மேலேயே அடுத்த கூட்டைக் கட்டிவிடும்.

கோழிச் சொட்டு மருந்து விஷயம். எஃப்1, லசோட்டா இரண்டும் கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்கானவை. மருத்துவர் சொல்லாமல் இவற்றுக்கு விடாதீர்கள். கோழிகளுக்கு மட்டும் தவறாமல் விட்டு, கோழிகளை மனையை விட்டுத் தள்ளி அடையுங்கள். அந்தக் கிருமி கிளி இனத்தையும் பிடிக்கும். காலையில் முதலில் கூண்டு வேலை, பிறகு கோழி வேலை, இடையில் கை கழுவி செருப்பு மாற்றுவது. புறா வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். வெளியே பறந்து, எங்கெங்கோ உட்கார்ந்து வரும் புறா கழுத்து திருகும் நோயைக் கொண்டுவந்து கோழிக்கும் கொடுக்கும். கூண்டைப் பெருக்குமுன் தண்ணீர் தெளியுங்கள், முகத்தில் துணி கட்டுங்கள். கிளி எச்சத்தின் தூசியிலிருந்து மனிதருக்கும் ஒருவகைக் காய்ச்சல் வரும். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், பறவை வளர்க்கிறோம் என்பதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள்.

பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, அபராதமே ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம், சிறையும் உண்டு. ஒரு குஞ்சுக்காகப் பொந்தையே உடைத்து எடுக்கிறார்கள் என்பது வேறு. சந்தையில் பச்சை, சிவப்பு என்று பளிச்சென்று வரும் சின்னக் குருவிகளையும் தொடாதீர்கள். நம் வயல்களில் இருக்கும் சில்லைக்குச் சாயம் பூசி விற்பார்கள், ஈரக் கைக்குட்டையால் துடைத்தால் நிறம் ஒட்டும். அதுவும் சட்டப்படி குற்றம்.

உங்களிடம் இருக்கும் நான்கு வகைக்கும் பதிவு தேவைப்படாது. ஆனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஆப்பிரிக்கன், சன் கோனூர், சாம்பல் கிளி எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024இல் வந்த விதிப்படி அவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், பிறப்பும் இறப்பும் உட்பட. கோனூர் மேல் ஆசை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற பட்ஜெரிகர் இரண்டு ஈடு நல்லபடியாகப் பொரித்துக் குஞ்சு வெளியே வரட்டும், பிறகு பேசுவோம். அதன் சத்தம் தென்னந்தோப்பைத் தாண்டிக் கேட்கும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

கால் போன ஆண் ஃபிஞ்ச் பிழைத்துக்கொள்ளும். காயம் காய்ந்துவிட்டது படத்தில் தெரிகிறது. தீனியையும் தண்ணீரையும் தாழ்வாக வைத்து, பட்டையான அகலக் குச்சி ஒன்று கட்டிக் கொடுங்கள். ஒற்றைக் காலில் பெட்டை மேல் நிலையாக நிற்க முடியாததால் அதன் ஜோடி இடும் முட்டைகள் பெரும்பாலும் கூழாகத்தான் போகும். ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிவப்பு நரம்பு ஓடவில்லை என்றால் எடுத்துவிடலாம்.