கையாலாகாத பிள்ளை – கடிதம்

அன்புள்ள சார்,

ரஷ்ய மன்னர், அதாவது ஜார், பீட்டர் த கிரேட் பத்தி சமீபத்துல நிறைய படிச்சேன். அவரோட மூத்த மகன் அலெக்ஸெய், பட்டத்துக்கு வர வேண்டியவன், அப்பா கட்டின கோட்டை ஜெயில்லயே 28 வயசுல செத்துட்டான். அடி தாங்காம செத்தானா, இல்ல ரகசியமா கொன்னுட்டாங்களா? ஒரு நாட்டையே தூக்கி நிறுத்தின மனுஷனுக்கு இப்படி ஒரு கையாலாகாத பிள்ளை பொறந்தா அவர்தான் என்ன பண்ணுவார்? எனக்கும் இன்ஜினியரிங் படிக்கிற பையன் இருக்கான், ஆறு அரியர், அந்த வேதனை எனக்குத் தெரியும். அலெக்ஸெய் ஜார் ஆகியிருந்தா ரஷ்யா என்ன ஆகியிருக்கும்?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி கேள்விய மொதல்ல தள்ளிடறேன். ஆகியிருந்தா, போயிருந்தாங்கற வரலாறெல்லாம் டீக்கடைக்குதான் லாயக்கு. மொதல் கேள்விக்கு அப்பறம் வரேன், மறக்காம இருந்தா. நடுவுல ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, கையாலாகாத பிள்ளைன்னு, ரெண்டு நாளா அதுலயே மாட்டிக்கிட்டு கெடக்கேன். ஏன்னா எனக்கு அந்தப் பையன்னாலே ஞாபகம் வர்றது அவனோட வலது கைதான்.

1713. அவனை ஜெர்மனிக்கு, டிரெஸ்டனுக்கு அனுப்பி ஜியாமெட்ரி, கோட்டை கட்டற சாஸ்திரம் எல்லாம் படிக்க வச்சிருந்தாங்க. அப்பா புதுசா கட்டின தலைநகர் பீட்டர்ஸ்பர்க்குக்கு திரும்பி வந்தவனை அப்பா பிரியமாத்தான் வரவேற்கிறார், படிச்சதெல்லாம் மறக்கலையேன்னு கேட்டுட்டு, வரைஞ்ச படங்களை எடுத்துட்டு வாங்கறார். அவ்ளோதான், பையனுக்கு உயிரே போயிருச்சு. எங்க தன் கண்ணு முன்னாடியே ஒக்காந்து வரையச் சொல்லிடுவாரோன்னு பயந்து, ரூமுக்குப் போய், இடது கையில துப்பாக்கிய எடுத்து வலது உள்ளங்கைய சுட்டுக்கறான். குறி தப்பி குண்டு சுவத்துல போயிருச்சு, ஆனா வெடிமருந்து உள்ளங்கைய கருக்கிடுச்சு. என்னாச்சுன்னு அப்பா கேட்டப்ப ஏதோ சொல்லி சமாளிச்சிருக்கான். அஞ்சு வருஷம் கழிச்சு விசாரணையில அவனே எழுதிக் கொடுத்ததாலதான் இது நமக்குத் தெரியுது. அப்ப அவனுக்கு வயசு 23, கல்யாணம் ஆனவன், ரஷ்யாவோட அடுத்த ஜார்.

நானும் இன்ஜினியரிங்ல ஒரு வருஷம் இருந்து தப்பிச்சவன். எங்கப்பா லேத் பட்டறை வச்சிருந்தார், கண்ணால பாத்தே ஒரு நூல் கூட கொறைச்சல்னு சொல்லிடுவார். லீவுக்கு வந்தா டிராயிங் ஷீட்ட விரிக்கச் சொல்லுவார். ஒரு தடவை பஸ்ஸ விட்டு எறங்கறப்பவே வலது கையில துணிய சுத்திக்கிட்டேன், சுளுக்குன்னு. அவர் ராத்திரி விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து துணிய அவுத்து, மணிக்கட்டை மெதுவா திருப்பிப் பாத்தார். ஒண்ணுமில்லேன்னு அவர் விரலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை பேசல, எண்ணெய தடவி மறுபடி சுத்திவிட்டுட்டுப் போயிட்டார். அந்த டிராயிங் பேப்பர்ல நான் நாலு தடவை ஃபெயில்.

அதனால உங்கமேல கோவமாத்தான் வருது சார். ஆறு அரியர்னு எழுத உங்களுக்குத் தெரியுது, அந்தப் பையன் என்ன பண்ணா சந்தோஷமா இருக்கான்னு ஒரு வரி கூட இல்ல.

பீட்டர் கையால வாழ்ந்த மனுஷன். ஹாலந்து கப்பல் பட்டறையில கோடாலி புடிச்சவர், கடைசல் வேலை தெரிஞ்சவர், ஊர்ல எவனுக்காவது பல்லு வலின்னா குறடோட ஓடிப் போய் புடுங்கறவர். பையன் புத்தகத்துல வாழ்ந்தவன். ஜெர்மன் நல்லா தெரியும், கார்ல்ஸ்பாட்ல வைத்தியத்துக்குப் போன எடத்துல சர்ச் வரலாற ஒக்காந்து படிச்சு குறிப்பெடுத்திருக்கான். குடிச்சான், பயந்தாங்கொள்ளி, பொண்டாட்டி சார்லட்ட நல்லா வச்சுக்கல, இதையெல்லாம் நான் மறைக்கல. ஆனா எட்டு வயசுல அம்மாவ கான்வென்ட்டுக்கு அனுப்பிட்ட அப்பாவ அவன் எந்தக் கண்ணால பாத்திருப்பான்? 1715-ல சார்லட் பிரசவத்துக்கப்பறம் செத்து, அடக்கம் பண்ணி முடிச்ச கையோட அப்பாகிட்டேர்ந்து கடிதாசி வருது, திருந்தலேன்னா அழுகின உறுப்ப வெட்டற மாதிரி உன்ன வெட்டிடுவேன், ஒதவாத சொந்தத்த விட நல்ல அந்நியனே மேல்னு. பையன் பட்டமே வேணாங்கறான். அதுவும் பத்தல, சாமியாரா போங்கறார். அதுக்கும் சரிங்கறான். சாமியார் குல்லாவ தலையில ஆணி அடிச்சா வைக்கப் போறாங்கன்னு கூட்டாளி கீக்கின் தைரியம் சொன்னானாம். அந்தக் கீக்கினை பின்னாடி சக்கரத்துல கட்டிக் கொன்னாங்க.

1716 நவம்பர்ல ஒரு ராத்திரி வியன்னாவுல துணை சான்ஸலர் வீட்டுக் கதவை தட்டறான். எங்கப்பா என்ன கொல்லப் பாக்கறார்னு ரூமுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறான், நடுவுல பீர் கேக்கறான், பீர் இல்லாம ஒயின் குடுக்கறாங்க. ஆஸ்திரியப் பேரரசர் அவனை மொதல்ல டிரோல் மலைக்கோட்டையில, அப்பறம் நேப்பிள்ஸ்ல ஒளிச்சு வைக்கறார். கூட அஃப்ரோசினியா, ஆம்பள வேஷத்துல. அடிமைப் பொண்ணு, அவன் உசுரே அவதான். பீட்டரோட ஆளு டால்ஸ்டாய் தேடிக் கண்டுபுடிச்சு, திரும்பி வந்தா ஒரு தண்டனையும் இல்லேன்னு கடவுள் பேர்ல அப்பா எழுதிக்குடுத்த காயிதத்த நீட்டறார், கூடவே அவளப் பிரிச்சிடுவாங்கன்னு பயமும் காட்டறார். அவளக் கட்டிக்கிட்டு கிராமத்துல இருக்க விட்டா போதும்னு கிளம்பிட்டான். அவ மாசமா இருந்ததால பின்னாடி தனியா வரா. வழியில எழுதறான், பல்லக்குல வா, அவசரப்படாத, டிரோல் மலையில ரோடு கல்லும் கரடுமா இருக்கும், உனக்கே தெரியும், எங்க வேணாலும் எத்தன நாள் வேணாலும் ஓய்வெடுத்துக்கன்னு.

கையாலாகாதவனாம்! அந்தக் கருகின கையாலதானே சார் இத எழுதியிருக்கான்.

மன்னிப்பு மாஸ்கோ வந்ததும் மாறிப்போச்சு, பட்டத்த விட்டுக்குடு, கூட்டாளிங்க பேரெல்லாம் சொல்லுன்னு. கடைசியில அவளே சாட்சி சொல்றா. என்ன சொன்னா தெரியுமா? நான் ஜார் ஆனா மாஸ்கோவுல இருப்பேன், பீட்டர்ஸ்பர்க்க சாதாரண ஊரா விட்டுடுவேன், கப்பல் வச்சுக்க மாட்டேன், படைய தற்காப்புக்கு மட்டும் வச்சுப்பேன்னு பேசினானாம். ராஜதுரோகம்! பாவமன்னிப்புல அப்பா சாகணும்னு நெனச்சேன்னு அவன் சொன்னதையும், நாங்க எல்லாருமே அதத்தான் நெனைக்கறோம், கடவுள் மன்னிப்பார்னு பாதிரியார் சொன்னதையும் கூட கக்க வச்சாங்க. ஆசைப்பட்டதுக்கு 127 பேர் கையெழுத்துப் போட்டு மரண தண்டனை. இத்தனைக்கும் 1727-ல அவன் பிள்ளை ரெண்டாம் பீட்டர்தான் ஜார் ஆனான், சின்னப் பையன், மறுவருஷமே அரண்மனைய மாஸ்கோவுக்கு மாத்திட்டான்.

மொதல் கேள்வி மறந்தே போச்சு. 1718 ஜூன், பழைய காலண்டர்படி, 19-ஆம் தேதி 25 சவுக்கடி, 24-ஆம் தேதி 15. பக்கவாதம் மாதிரி திடீர்னு நோய் தாக்கி செத்தான்னு அரசாங்கம் சொல்லிச்சு, கழுத்த நெரிச்சாங்கன்னு ஊர் சொல்லிச்சு. கோட்டையில அன்னன்னைக்கு எழுதி வைக்கற நோட்டுல இருக்கறது இவ்ளோதான்: 26-ஆம் தேதி காலையில 8 மணிக்கு ஜார் வந்தார், கூட பெரிய மனுஷங்க, சித்திரவதை நடந்தது, 11 மணிக்கு கிளம்பிட்டாங்க. சாயங்காலம் 6 மணிக்கு இளவரசர் இறந்தார்.

மறுநாள், ஸ்வீடனை பீட்டர் ஜெயிச்ச பொல்டாவா வெற்றி நாள். வழக்கம்போல விருந்து நடந்தது.