வகுப்பறைப் பேச்சுவார்த்தை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். இறுதியாண்டில் 42 பேர். ராஜதந்திரத் தாளுக்காகப் போன பருவத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவை போல ஒன்று நடத்தினோம். நான்கு பேர் முழங்கினார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள். பட்டிமன்றமாகவே முடிந்தது. இம்முறை தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை எடுக்கலாமா? பாதிப் பேர் அதன் ஆயக்கட்டு (பாசனப் பகுதி) வீட்டுப் பிள்ளைகள், சண்டையாகிவிடுமோ என்று தயக்கம். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும்.

– உதவிப் பேராசிரியர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக எடுங்கள். பாதுகாப்பு அவை பட்டிமன்றமானதற்குப் பிள்ளைகள் காரணமில்லை. நிஜத்தில் அங்கே பேரம் பின்னறையில் நடக்கிறது. வகுப்புக்கு வரும்போது பின்னறை விடுபட்டு மேடையும் மைக்கும் மட்டும் மிஞ்சுகின்றன.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் (பி.ஏ.பி.) பேரத்துக்குச் சரக்கு நிறைய. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்ததாகக் கணக்கு. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. கேரளத்துக்கு ஆண்டுக்கு எல்லையருகே மணக்கடவில் 7.25 டி.எம்.சி., சோலையாறில் 12.3 டி.எம்.சி. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. தமிழ்நாடு கேட்கும் ஆனைமலையாறு–நல்லாறு திட்டமோ கேரளத்தின் இடைமலையாறு அணைத் திட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. இதையெல்லாம் இரண்டு பக்கப் பொதுக்குறிப்பாக்கி ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

42 பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். ஏழு மேசை, மேசைக்கு ஆறு பேர், தரப்புக்கு மூவர்: பேசுபவர், கணக்குப் பார்ப்பவர், வரைவு எழுதுபவர். தமிழ்நாட்டுத் தரப்பில் கணக்குப் பார்ப்பவரை ஆயக்கட்டு விவசாயிகளின் பிரதிநிதியாகவும் ஆக்கி, தன் பாசன மண்டலத்துக்கு முறைவைத்து வரும் சுற்றுத் தண்ணீர் குறையக் கூடாது என்று தனிச்சீட்டு கொடுங்கள். எதிர்த்தரப்பைவிட சொந்தத் தரப்பைச் சம்மதிக்க வைப்பது கடினம் என்பது அப்போதுதான் புரியும். ஆயக்கட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கேரளத் தரப்பில் போடுங்கள். கேரளத்துச் சித்தூர் விவசாயிக்காக வாதாட வேண்டியவர் சண்டைக்குப் போக மாட்டார், கணக்குக்குத்தான் போவார்.

பயிற்சியின் உயிர் ரகசியக் குறிப்பில் இருக்கிறது. தரப்புக்கு ஒரு பக்கம் போதும். நான்கு விஷயம், எது அந்தத் தரப்புக்கு எவ்வளவு முக்கியம் என்று மொத்தம் 100 புள்ளி. உதாரணமாக, கேரளத்துக்குக் கோடை மாதங்களில் மணக்கடவுக்கு வரும் நீர் 40, வறட்சி ஆண்டுப் பங்கீடு 30, அளவீடும் பராமரிப்பும் 20, ஆனைமலையாறு 10. தமிழ்நாட்டுக்கு ஆனைமலையாறு 45, வறட்சி 30, அளவீடு 15, கோடை நீர் 10. இவை நாம் வைக்கும் எண்கள், அரசுகளின் நிலைப்பாடு அல்ல என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். அதனாலேயே இருபது நிமிஷத்தில் “சரிங்க, எல்லாத்துலயும் பாதி பாதி” என்று எழுந்துவிடுவார்கள். அப்படி முடித்தால் இரு தரப்புக்கும் 50. மாறாக, கோடை நீரை முழுதாகக் கேரளத்துக்கும் ஆனைமலையாற்றைத் தமிழ்நாட்டுக்கும் விட்டு மற்ற இரண்டை மட்டும் பாதியாக்கினால் கேரளத்துக்கு 65, தமிழ்நாட்டுக்கு 67.5. ஒப்பந்தமே இல்லாமல் நீதிமன்றம் போனால் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடும் மேசையும் ஒன்றிரண்டு இருக்கும்.

நேரம்: தரப்புக்குள் ஆலோசனை 20 நிமிஷம், தொடக்க உரை தரப்புக்கு ஐந்தாக 10, பேச்சு 45, தலைநகரோடு கலந்தாலோசனை 10, வரைவை முடிக்க 25. மீதி 10 நிமிஷம் நாற்காலி இழுக்கவே போய்விடும். சென்னையாக நீங்கள் இருங்கள், திருவனந்தபுரமாக இன்னொரு ஆசிரியர் இருக்கட்டும். இரு தரப்பு ரகசியமும் ஒரே காதில் விழக் கூடாது. கலந்தாலோசனையின்போது ‘இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்துவிட்டது’ என்று ஒரு சீட்டு அனுப்புங்கள். அதுவரை யாரும் தொடாத வறட்சிப் பங்கீட்டுக்கு அப்போதுதான் வருவார்கள். செல்போனை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மேசையின் ரகசியம் வாட்ஸாப்பில் ஏழு மேசைக்கும் போய்விடும்.

வரைவில்தான் பலரும் சறுக்குவார்கள். ‘உரிய காலத்தில் போதிய தண்ணீர் வழங்கப்படும்’ என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். எங்கே, எந்தத் தேதிக்குள், எவ்வளவு, யார் அளப்பது? 1970 ஒப்பந்தமே கேரள சோலையாறு அணை செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய தேதிகளில் நிரம்பியிருக்க வேண்டும் என்று நாள் குறிக்கிறது. ஒத்துவராத எண்ணைச் சதுர அடைப்புக்குள் இரண்டாகவே விடச் சொல்லுங்கள்: ‘பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை மணக்கடவில் [1.2] [1.8] டி.எம்.சி.’ எதில் இன்னும் சண்டை பாக்கி என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ராஜதந்திரிகள் வேலை செய்வதும் இப்படித்தான். 1978இல் கேம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும் 13 நாள் பேசியபோது அமெரிக்கத் தரப்பு ஒரே வரைவைத் திரும்பத் திரும்பத் திருத்தி 23 பதிப்பு வரை கொண்டுபோனது. கேம்ப் டேவிட்டை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் ஒரு மணி நேரம் முழுக்க அலசலுக்கு. ஏழு மேசையின் புள்ளிகளையும் கரும்பலகையில் எழுதி, ரகசியத் தாள்களைப் பரிமாறிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே தாளை வைத்துக்கொண்டு ஒரு மேசை 65 எடுக்க, பக்கத்து மேசை 50இல் நின்றது ஏன்? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரும் எதிர்த்தரப்பிடம் ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று கேட்கவில்லை.

இந்தப் புள்ளிகளை மட்டும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணாக்கிவிடாதீர்கள். இரு தரப்பும் கூடிப் பேசி எண்ணை ஏற்றிக்கொள்வார்கள். பேச்சுக்கு முன் எழுதிய தயாரிப்புக் குறிப்புக்கும், அலசலுக்குப் பின் எழுதும் ஒரு பக்கத்துக்கும் மதிப்பெண் போடுங்கள்.