ஆட்டிசம் உள்ள என் மகன் அடிக்கடி வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறான். எப்படித் தடுப்பது?

மகனுக்கு ஐந்து வயது, பேச்சு இன்னும் வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கொஞ்சம் கண் அசந்தால் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கும் ஆட்டிசம் உண்டு. அந்த வயதில் அவளும் இப்படித்தான் இருந்தாள். அந்த நாட்களில் கற்றுக்கொண்டதையும் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2012-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு எடுத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 49 சதவீதம் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேற முயன்றிருக்கிறார்கள். அதே வீடுகளில் வளர்ந்த, ஆட்டிசம் இல்லாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம் இது மிகவும் குறைவு. அதே அம்மா, அதே அப்பா, அதே கதவு. வளர்ப்புதான் காரணம் என்றால் எல்லாப் பிள்ளைகளும் அல்லவா ஓடியிருக்க வேண்டும்? அந்தப் பெற்றோரில் பாதிப் பேருக்கு இதைப் பற்றி யாருமே எந்த ஆலோசனையும் தந்ததில்லை. படித்தபோது எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது கதவு. அவன் கைக்கு எட்டாத உயரத்தில், கதவின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற பிள்ளை என்றால் கதவருகே நாற்காலி, ஸ்டூல் எதுவும் இருக்கக் கூடாது. கதவு திறந்தால் சத்தம் போடும் சின்ன அலாரம் கிடைக்கிறது. ஒரு துண்டைக் கதவிலும் இன்னொரு துண்டை நிலையிலும் ஒட்ட வேண்டும், பேட்டரியில் ஓடும். வாசல் கதவோடு நிறுத்திவிடாதீர்கள். பின்கதவு, பால்கனி, மாடிப்படிக் கதவு, ஜன்னல் எல்லாமே கணக்கில் வர வேண்டும். அலாரம் வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள்: உரத்த சத்தம் தாங்காத பிள்ளைக்கு அந்த அலாரமே பெரிய வேதனையாகிவிடும். சில பிள்ளைகளோ அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே கதவைத் திறப்பார்கள். அப்படியானால் மெல்லிய மணி அடிப்பதோ, உங்கள் போனில் மட்டும் ஒலிப்பதோ நல்லது.

உள்ளிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும் என்கிற பூட்டைப் போடுமுன் நன்றாக யோசியுங்கள். தீப்பிடித்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சாவி எப்போதும் ஒரே இடத்தில், வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். அவனைத் தனியாக ஓர் அறையில் விட்டுப் பூட்டுவது வேண்டவே வேண்டாம்.

வீட்டில் ஆட்கள் நிறைய இருக்கும் நேரம்தான் அதிகம் பயப்பட வேண்டிய நேரம் என்பது என் அனுபவம். விருந்தாளிகள் வந்திருப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ரிப்பேர் வேலைக்கு வந்தவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எந்த நேரத்திலும் ஒரே ஒருவர்தான் பொறுப்பு. அவர் குளிக்கப் போவதென்றாலும் "இப்போது நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்தவர் "சரி, நான் பார்க்கிறேன்" என்ற பிறகுதான் நகர வேண்டும். வேறு வீட்டுக்குக் குடிபோகும் நாட்களிலும், வெளியூரில் தங்கும் நாட்களிலும் இதை இன்னும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புது இடத்தின் கதவு நமக்குத்தான் புதிது, அதைத் திறக்கும் வழியை அவன் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவான்.

இதெல்லாம் உங்களுக்குச் சில நிமிட அவகாசம் தரும், அவ்வளவுதான். தாழ்ப்பாளை எட்டும் உயரத்துக்கு அவன் வளரத்தான் போகிறான். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டியது, அவன் எதற்காகப் போகிறான் என்பதை.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறை போனபோதும், போக முயன்றபோதும் எழுதுங்கள்: என்ன நேரம், அதற்குச் சற்று முன்பு வீட்டில் என்ன நடந்தது, எந்தக் கதவு, எந்தப் பக்கம் போனான், போன இடத்தில் என்ன செய்தான், முகம் எப்படி இருந்தது. கொஞ்ச நாளில் ஓர் ஒழுங்கு தெரியும். மேலே சொன்ன ஆய்வில் பெற்றோர் சொன்ன காரணங்களும் இப்படித்தான் பிரிகின்றன. ஓடுவதும் சுற்றுவதுமே பிடித்திருக்கிறது என்பதற்காகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்த இடத்தையோ பொருளையோ தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மனப்பதற்றம், சத்தம், வெளிச்சம், பிடிக்காத வேலை இவற்றிலிருந்து தப்பித்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தேடிப் போகிற பிள்ளையின் முகத்தில் சந்தோஷம் இருக்கும், நேராகப் போவான். தப்பிக்கிற பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டு, எந்தத் திசை என்று பார்க்காமல் போவான். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

என் மகளிடம் இரண்டுமே இருந்தன. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட். அதன் கதவு மூடித் திறப்பதைப் பார்ப்பதற்காக அவள் எங்கேயிருந்தாலும் அங்கே போய் நிற்பாள். அதைத் தடுக்கத் தடுக்க அவளுடைய வேகம்தான் கூடியது. பிறகு லிஃப்ட் பார்க்கப் போவதையே அவளுடைய அன்றாட அட்டவணையில் சேர்த்தோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. லிஃப்ட் படம் ஒட்டிய ஓர் அட்டையைக் கதவருகே அவள் உயரத்தில் மாட்டினோம். அட்டையை எடுத்து எங்கள் கையில் கொடுத்தால் உடனே கூட்டிக்கொண்டு போவோம். இந்த "உடனே" ரொம்ப முக்கியம். ஆரம்பத்தில் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓடிப் போவதைவிட அட்டையைக் கொடுப்பது சுலபம், அது பலிக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அது நன்றாகப் பதிந்த பிறகு "சட்டை போட்டுவிட்டுப் போகலாம்", "மணி அடித்ததும் போகலாம்" என்று காத்திருப்பதைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொடுத்தோம். கேட்டு வாங்கும் வழி தெரிந்ததும் கதவைக் குடைவது குறைந்தது.

இன்னொன்று டிரில் மெஷின் சத்தம். எங்கேயாவது சுவரைத் துளைத்தால் போதும், வாசலை நோக்கிப் பாய்வாள். அங்கே அட்டை உதவாது. சத்தத்தை மறைக்கும் காதுக் கவசத்தை அவள் எடுக்கும் இடத்தில் வைத்தோம். வீட்டின் உள்ளறை ஒன்றின் மூலையில் துணித் திரை கட்டி, அவளுக்குப் பிடித்த தலையணைகளைப் போட்டு, சத்தம் வந்தால் அங்கே கூட்டிப் போனோம். தப்பித்துப் போக அவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் வேண்டியிருந்தது.

உங்கள் மகன் ஓடுவதற்காகவே ஓடுகிறவன் என்றால், அவன் வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு முன்பே சுவர் சூழ்ந்த இடத்தில் ஆசை தீர ஓடவிடுங்கள், குதிக்கவிடுங்கள். நீங்கள் துரத்துவது அவனுக்கு விளையாட்டாகத் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியென்றால் பிடித்ததும் சிரிப்பது, தூக்கிச் சுற்றுவது வேண்டாம். துரத்திப் பிடிக்கும் விளையாட்டை வேறு நேரத்தில், வேறு இடத்தில் ஆடலாம்.

கதவில் சிவப்பு நிறத்தில் "நில்" என்று ஓர் அட்டை மாட்டி, ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அங்கே நின்று, அட்டையைத் தொட்டு, பெரியவர் கையைப் பிடித்த பிறகே கதவு திறக்கும் என்று பழக்குவது சில பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வீட்டில் எல்லோருமே அட்டை முன் நிற்க வேண்டும். அப்பா நிற்காமல் போனால் பிள்ளையும் நிற்காது.

இப்போது தண்ணீர். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க இறப்புப் பதிவுகளைப் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு. காணாமல் போகும் ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடவும் காவலர்களுக்குப் பயிற்சி தரவும் 2018-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த சட்டத்துக்கு இரண்டு பிள்ளைகளின் பெயரை வைத்தார்கள்: கெவின், அவான்டே. ஒருவனுக்கு 9 வயது, மற்றவனுக்கு 14. இருவரையுமே ஆற்றில்தான் இழந்தார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மீது அப்படி ஓர் ஈர்ப்பு. அது மின்னுவதும் அசைவதும் உடம்பில் படுவதும் அவர்களைக் கூப்பிடும், ஆழம் ஆபத்து என்ற எண்ணம் வராது. ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் என்னென்ன தண்ணீர் இருக்கிறது என்று எழுதுங்கள். கிணறு, குளம், வாய்க்கால், நீச்சல் குளம், மூடி சரியில்லாத தரைத்தொட்டி, கட்டட வேலைக்குத் தோண்டிய பள்ளம், எதையும் விடாதீர்கள். மூட முடிந்ததை மூடச் சொல்லிக் கேளுங்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள், கடைசி வகுப்புகளில் சாதாரண உடையும் செருப்பும் போட்டுக்கொண்டு நீந்தவும் மிதக்கவும் பழக்கச் சொல்லுங்கள். அவன் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் உடையோடு விழப்போவதில்லை. நீச்சல் தெரிந்த பிறகும் தண்ணீர் அருகே தனியாக விட முடியாது.

அடையாளம் விஷயத்தில் பிள்ளை எதைத் தாங்குகிறானோ அதுதான் சரி. கைவளை மாதிரிப் பட்டையைப் பிய்த்து எறிகிறவன் என்றால் செருப்பிலோ சட்டையின் உள்பக்கமோ உங்கள் போன் நம்பரையும் "பேச்சு வராது" என்பதையும் எழுதுங்கள். ஜிபிஎஸ் கருவி நல்ல துணைதான், ஆனால் சார்ஜ் தீரும், கட்டடத்துக்குள் தடுமாறும், கழற்றியும் போடலாம். அதை நம்பித் தாழ்ப்பாளை விட்டுவிட முடியாது. அக்கம்பக்கத்தாரிடம் கூச்சப்படாமல் சொல்லி வையுங்கள். அவன் போட்டோவைக் கொடுத்து, தனியாகப் பார்த்தால் கத்திக் கூப்பிட வேண்டாம், பின்னாலிருந்து பிடிக்க வேண்டாம், சாலைக்கும் அவனுக்கும் நடுவே நின்றுகொண்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போனபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் ஒதுங்கியிருந்தோம் என்றார்கள்.

ஒருவேளை காணவில்லை என்றால், ஒருவர் உடனே தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். பக்கத்தில் இருக்கும் தண்ணீருக்கு முதலில், அவனுக்குப் பிடித்த இடம் வேறாக இருந்தாலும்கூட. இன்னொருவர் அதே நேரத்தில் காவல்துறைக்குப் போன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சொல்வோம் என்று காத்திருக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை, கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டான், தண்ணீரை நோக்கிப் போவான் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மூன்றாவது ஆள் வீட்டில் இருந்து கட்டிலடி, அலமாரி, காருக்குள் என்று ஒடுங்கி உட்காரக்கூடிய இடமெல்லாம் பார்க்கட்டும். பெயரை உரக்கக் கத்தினால் இன்னும் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அவனுக்குப் பிடித்த பாட்டைப் போனில் ஒலிக்கவிட்டுக்கொண்டே தேடுவது பயன்படும். இந்த நேரத்தில் தேவைப்படும் விவரங்களை, அதாவது அண்மைப் போட்டோ, உயரம், பிடித்த இடங்கள், பயப்படும் விஷயங்கள், எப்படி அமைதிப்படுத்துவது என்பதை, ஒரே தாளில் எழுதி இப்போதே தயாராக வையுங்கள்.

கிடைத்ததும் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். போனதற்கான தண்டனை என்று அவனுக்குப் புரியாது, உங்களிடம் திரும்பி வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் புரியும். உடம்பு முழுக்க, குறிப்பாகப் பாதங்களில், காயம் இருக்கிறதா என்று பாருங்கள், வலித்தாலும் அவனால் சொல்ல முடியாது. அப்புறம் நோட்டில் எழுதிவிடுங்கள். மருத்துவரிடமோ தெரபிஸ்டிடமோ போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போய், ஓடிப் போவதைத் தனிப் பிரச்சினையாகவே பேசுங்கள். அமெரிக்க மருத்துவக் குறியீட்டுப் பட்டியலில் 2011 முதல் இதற்கென்று தனிக் குறியீடே இருக்கிறது, அதனால் இதை வெறும் சேட்டை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. இரவில் தூங்காமல் எழுந்து நடக்கிறான் என்றால் தூக்கத்தைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள், அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.