கண்மாய் வேலைக்கு நானும் போகலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது, மதுரையில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் மேலூர் பக்கம். ஊர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க்குள் இறங்கிச் சீமைக்கருவேலம் பிடுங்குகிறார்கள், கரையில் பனைவிதை போடுகிறார்கள். சேர ஆசை. ஆனால் மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை, போட்டோவுக்கு வந்தவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: முதல் வாரம் சொல்லத்தான் சொல்வார்கள். நாலாவது வாரமும் போய் நின்றால் "அண்ணே, அந்தக் கடப்பாரையை எடுங்க" என்று வேலை ஏவ ஆரம்பித்துவிடுவார்கள், அவ்வளவுதான் விஷயம்.

மண்வெட்டி பழகாததும் பெரிய குறையில்லை. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, முளைத்து ஒரு சாண் உயரம் நிற்கிற சீமைக்கருவேலங்கன்று வெறும் கையோடு வேரோடு வந்துவிடும். அதை விட்டுவைத்தால் பிறகு கடப்பாரை வேண்டும், இன்னும் விட்டால் ஜேசிபிதான். மேலே வெட்டிப் போட்டுவிட்டுச் சுத்தம் செய்தாயிற்று என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும், ஏனென்றால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். அதோடு ஆடு நெற்றைத் தின்றுவிட்டு வந்து கண்மாய் முழுக்கப் புழுக்கை போடுகிறது, அதில் விதை செரிக்காமல் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கிறது. அதனால் ஒரு நாள் இருநூறு பேர் வருவதைவிட வருஷா வருஷம் எட்டுப் பேர் வருவதுதான் கண்மாய்க்கு உதவும். அந்த எட்டில் ஒருவராக இருக்க முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

செருப்போடு போகாதீர்கள். அந்த முள் மெல்லிய ஷூவையே துளைக்கும், தடித்த அடி உள்ளதாகப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, டெட்டனஸ் ஊசி, அப்புறம் முள்ளுக்குவியலுக்குள் கையை விடும் முன் ஒரு கம்பால் தட்டுவது. விரியனுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் குழுவிடம் நேராகக் கேளுங்கள்: அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீர் பாய்கிற வயல், 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நிற்கிற மரம் ஏலத்துக்குப் போகிற சொத்து, அதை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இருக்கும். பெரிய மரத்தில் கை வைக்கும் முன் ஊரில் உட்கார்ந்து பேசவேண்டும். கன்று பிடுங்குவதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பனைவிதை விஷயத்தில் பொறுமை வேண்டும். புரட்டாசி, ஐப்பசி மழையை ஒட்டிப் புதைத்தால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், ஆனால் முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கித்தான் போகும். மேலே இலை தெரியப் பல மாதம் ஆகும். செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்கிற ஆர்வக்கோளாறு ஒருவராவது எல்லாக் குழுவிலும் இருப்பார். அது போதாதென்று தை மாதம் பனங்கிழங்குக்குத் தோண்ட ஆள் வருவார்கள், அங்கேதான் உள்ளூர்க்காரர் ஒருவர் கரையில் நடந்துகொண்டிருப்பதன் அருமை தெரியும்.

கேள்வி: எங்கள் கண்மாய்க் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கின்றன. சீமைக்கருவேலம் என்றால் அதையும் எடுத்துவிட வேண்டியதுதானா? (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: குஞ்சு பறந்து கூடு காலியாகும் வரை கிட்டவே போகாதீர்கள். அதற்குப் பிறகும் ஒரேயடியாக எடுக்கக்கூடாது. பக்கத்தில் நாட்டுக்கருவேலமோ நீர்மருதோ நட்டு, அது கூடு தாங்குகிற அளவுக்கு வளர்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறதே, 1977-இல் அறிவித்தது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு நாள் போய் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப்பாருங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கேள்வி: குழுவில் சேர டீ-ஷர்ட்டுக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கையுறை வாங்கித் தருகிறோம் என்று கேட்டிருந்தால் உடனே கொடுக்கச் சொல்லியிருப்பேன். டீ-ஷர்ட் முள்ளில் முதல் வாரமே கிழிந்துவிடும், வீட்டில் கிடக்கிற பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.