இடது கையால் பல் தேய்த்தால் மனஉறுதி வருமா?

கேள்வி: வயது 43. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். காலையில் எடுக்கும் சபதம், சாயங்காலம் ஆபீஸ் எதிரே உள்ள டீக்கடையில் தேங்காய் பன்னைப் பார்த்ததும் காற்றில் பறந்துவிடுகிறது. தினமும் இடது கையால் பல் தேய்த்தால் மனக்கட்டுப்பாடு வளரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்து பார்க்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகத் தேயுங்கள், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதை நம்பி டீக்கடைக்குப் போகாதீர்கள்.

அந்த யோசனைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1998-இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர், பசியோடு வந்த மாணவர்கள் முன்னால் சாக்லேட் பிஸ்கட்டையும் முள்ளங்கியையும் வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். (பாவம்!) பிறகு விடையே இல்லாத புதிரைக் கொடுத்தபோது, முள்ளங்கி தின்றவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். மனஉறுதி தசைபோலக் களைக்கும், பயிற்சியால் வலுக்கும் என்ற பேச்சு இப்படித்தான் பரவியது. 2016-இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்தக் களைப்பு ஏறக்குறைய தென்படவே இல்லை.

ஆகவே பழக வேண்டியது பல் தேய்ப்பதை அல்ல, அந்த ஐந்து மணியை. "இனிப்பைக் குறைப்பேன்" என்பது சபதம். கடை வாசலில் அது உதவாது. "கடைக்குள் கால் வைத்ததும், 'மாஸ்டர், சர்க்கரை இல்லாம ஒரு டீ' என்பேன், சுண்டல் வாங்குவேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்கிற இந்த வகைத் திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நாலு மணிக்கே ஒரு கைப்பிடி வறுகடலை தின்றுவிட்டால் பன்னின் கவர்ச்சி பாதி போய்விடும். கூட வரும் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள், "ஒண்ணு சாப்பிட்டா என்ன?" என்பவர்தான் பெரிய சோதனை.

எத்தனை நாள் ஆகும்? லண்டன் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே பன்னைத் தின்றுவிட்ட நாளில், "இன்னிக்குப் போச்சு" என்று ராத்திரி ஜாங்கிரியையும் எடுக்காதீர்கள்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையை மறுபடி எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை தினமும் எடை மெஷினில் ஏறிப் பார்க்க வேண்டாம்.