முதல் ஃப்ளை ராட்: எதைப் பார்த்து வாங்குவது? (கேள்வி பதில்)

ஃப்ளை ஃபிஷிங்கில் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எண் குழப்பம் தீராமல் மற்றது எதுவும் விளங்காது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். சாதாரணத் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. ஃப்ளை ராட் பார்க்கப் போனால் "5 வெயிட்", "8 வெயிட்" என்கிறார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே?

பதில்: தெரியாது. அது ராடின் எடையே இல்லை. அந்த ராட் எந்த லைனை வீசச் செய்யப்பட்டது என்பதற்கான எண். நீங்கள் இதுவரை போட்ட தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் பறக்கும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை என்பது கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டியது. ஊதினாலே பறந்துவிடும், அதை எப்படி வீசுவது? அதனால் இங்கே எடை முழுவதையும் லைனில் வைத்திருக்கிறார்கள். வீசுவது லைனை, ஃப்ளை அதன் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது.

லைனின் முன்பக்க 30 அடியை எடை போட்டு எண் தருவது வழக்கம். அளவு கிரெயின் என்ற சிறிய எடை அலகில் இருக்கும். 5-ஆம் எண் லைன் 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண் 210 கிரெயின், சுமார் 13.6 கிராம். இப்படி லைனுக்குத்தான் அளவுகோல் உண்டு. ராடின் மேல் போடும் எண் தயாரிப்பவரின் கணிப்பு மட்டுமே. இரண்டு கம்பெனிகளின் 5 வெயிட் ராட்கள் கையில் ஒரே மாதிரி இருக்காததற்குக் காரணம் இதுதான்.

கைப்பிடிக்கு மேலே "905-4" என்று எழுதியிருந்தால் 9 அடி 0 அங்குலம், 5 வெயிட், 4 துண்டு என்று படியுங்கள். சிலர் அதையே மாற்றி "590-4" என்று போடுவார்கள். பொருள் ஒன்றுதான்.

கேள்வி: பெரிய மீன் பிடிக்க பெரிய எண், சின்ன மீனுக்குச் சின்ன எண். சரிதானே?

பதில்: பாதிதான் சரி. மீனுக்கு முன்னால் ஃப்ளையையும் காற்றையும் பாருங்கள். 16-ஆம் எண் கொக்கியில் கட்டிய, நீர்மேல் மிதக்கும் சின்ன டிரை ஃப்ளையை (கொக்கி எண் ஏற ஏற அளவு சிறுக்கும், மறக்க வேண்டாம்) 3, 4, 5 வெயிட் லைன் பூப்போல இறக்கிவைக்கும். தண்ணீர் குடித்துக் கனத்த பெரிய ஸ்ட்ரீமரை (குட்டி மீன்போல் கட்டிய ஃப்ளை) அதே லைனில் கட்டினால் லைன் பாதி வழியிலேயே சரிந்துவிடும், ஃப்ளை உங்கள் காதுப் பக்கம் வரும். அது 6-க்கும் 8-க்கும் உள்ள வேலை. எதிர்க்காற்று அடிக்கும் இடமென்றால் இன்னும் ஒரு எண் கூட்டிக்கொள்ளலாம்.

மீன் வகையைப் பார்த்தால், பொதுவாக டிரவுட்டுக்கு 4 முதல் 6, பாஸுக்கு 6 முதல் 8, கடலோர ஆழமில்லாத பரப்பில் போன்ஃபிஷுக்கு 8, டார்பனுக்கு 10 முதல் 12.

கேள்வி: யாரைக் கேட்டாலும் "9 அடி, 5 வெயிட், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார்கள். வாங்கிவிடலாமா அண்ணா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள் தம்பி. ஓரளவு அகலமான ஆறு, டிரவுட், கலவையான ஃப்ளைகள் என்றால் அது நல்ல ராட்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆலோசனை டிரவுட் ஆறுகளில் பிறந்தது. நீங்கள் மாதம் நான்கு தடவை போகப்போவது காற்றடிக்கும் ஏரிக்கரை, பிடிக்கப்போவது பாஸ் என்றால் 5 வெயிட் உங்களை ஒவ்வொரு தடவையும் சோதிக்கும்; 6 அல்லது 7 எடுங்கள். கடல் என்றால் நேராக 8. "எல்லாவற்றுக்கும் ஒரே ராட்" என்று தேடுவதை விட்டுவிட்டு, அடுத்த ஆறு மாதம் எந்தத் தண்ணீரில் நிற்கப்போகிறீர்கள் என்று யோசித்து அதற்கு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு வாய்த்தது குறுகலான ஓடை. மேலே கிளை, பின்னால் புதர். 9 அடி ராட் எடுபடுமா?

பதில்: எடுபடாது என்று சொல்லமாட்டேன், எரிச்சல் படுத்தும். 7 முதல் 8 அடிக்குள், 3 அல்லது 4 வெயிட் பாருங்கள். அங்கே பெரும்பாலும் 15, 20 அடிதான் வீசப்போகிறீர்கள். பின்னால் லைனைப் பறக்கவிட இடமில்லாதபோது, லைனை முன்னாலேயே உருட்டிப் போடும் ரோல் காஸ்ட் கைகொடுக்கும்.

நீள ராடுக்கு வேறொரு லாபம் உண்டு. அகன்ற ஆற்றில் நடு நீரோட்டம் வேகமாகவும் அக்கரைப் பக்கம் மெதுவாகவும் ஓடும். நடுவில் விழுந்த லைனை நீர் இழுத்துக்கொண்டு போக, ஃப்ளை செயற்கையாக வழுக்கும்; மீன் சீந்தாது. நுனி உயரமாக இருந்தால் லைனை நீருக்கு மேலே தூக்கி எதிர்ப்பக்கம் மடித்துப் போட முடியும். ஆழத்தில் நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சிபோல் கட்டிய ஃப்ளை) விடுகிறவர்கள் 10, 11 அடி ராட் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஃபாஸ்ட் ஆக்ஷன் ராட் வாங்கினால் தூரமாக வீசலாம் என்று விற்பனையாளர் சொன்னார்.

பதில்: வீசத் தெரிந்தவர் வீசலாம். ஃபாஸ்ட் என்றால் ராட் நுனிப்பக்கம் மட்டும் வளைந்து சட்டென நிமிரும். மீடியம் ஆக்ஷன் பாதிவரை வளையும். ஸ்லோ என்றால் கைப்பிடி வரைக்கும் வளைவு இறங்கும்.

புதியவருக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். பின்வீச்சில் ராடை மேலே கொண்டுவந்து டக்கென நிறுத்துகிறீர்கள். லைன் முதுகுக்குப் பின்னால் சுருள் பிரிந்து நேராகிறது. நேரானதும் அதன் எடை நுனியைப் பின்னுக்கு இழுப்பது கார்க் பிடியில் லேசாகத் தெரியும். முன்வீச்சைத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான். முந்தினால் சாட்டைபோல் வெடித்து ஃப்ளை அறுந்துபோகும். பிந்தினால் லைன் புல்லில் இறங்கிவிடும். மீடியம் ராடில் அந்த இழுப்பு நன்றாகவே கைக்கு எட்டும், சற்று முன்பின் ஆனாலும் ராட் பொறுத்துக்கொள்ளும். விறைப்பான ஃபாஸ்ட் ராடோ கிட்டத்தில் வீசும்போது வளையவே வளையாது. குச்சியை ஆட்டுகிற மாதிரி இருக்கும், கையும் எதையும் கற்றுக்கொள்ளாது.

எனவே மீடியம் அல்லது மீடியம்-ஃபாஸ்ட். ஏற்கெனவே ஃபாஸ்ட் வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம், ஒரு எண் கூடுதலான லைனைப் போட்டுப் பாருங்கள், ராட் இளகும். அதற்கு முன் லைன் பெட்டியின் பின்பக்கத்தில் கிரெயின் கணக்கைப் படித்துவிடுங்கள். இன்றைக்கு வரும் லைன்களில் பல, 5 என்று பெயர் போட்டுக்கொண்டு 6-க்குரிய எடையில் வருகின்றன.

கேள்வி: கார்பனா, ஃபைபர்கிளாஸா, மூங்கிலா?

பதில்: முதல் ராட் கார்பன். கிராஃபைட் என்று சொல்வதும் இதையே. 1970-களில் வந்தது, எடை குறைவு, விறைப்பு அதிகம். கிளாஸ் ராட் நிதானமானது, சின்ன ஓடையில் அருமை. இரண்டாவது ராடாக வாங்க ஆசைப்படுங்கள். மூங்கில் ராட் சீனத்து டோங்கின் மூங்கிலைக் கீறி, ஆறு பட்டையாகச் சீவி ஒட்டியது. பார்த்து ரசிக்கலாம், கற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கடையில் ராடை எடுத்து ஆட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: எல்லாரும் ஆட்டுகிறோம், நானும்தான். லைன் இல்லாமல் ஆட்டினால் கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறதா, நுனி கனக்கிறதா என்ற அளவுக்கே தெரியும். ரீல், லைன் மாட்டி வெளியே 30 அடி வீசிப் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள். விடாத கடையில் திருப்பித் தரும் வசதியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பணம் அளவாகத்தான் இருக்கிறது. ராட், ரீல், லைன் மூன்றில் எதில் சிக்கனம் பிடிப்பது?

பதில்: ரீலில். 5 வெயிட் டிரவுட் மீன்பிடிப்பில் ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றிவைக்கும் இடம், அவ்வளவே; எளிய கிளிக் ரீல் போதும். கடலுக்கு மட்டும் இந்தப் பேச்சு செல்லாது. போன்ஃபிஷ் ஒரே ஓட்டத்தில் முழு லைனையும் உருவிக்கொண்டு, அதற்கு அடியில் ரீலில் சுற்றிய பேக்கிங் நூலுக்குள் போய்விடும், அங்கே நல்ல டிஸ்க் டிராக் (ரீலின் பிரேக்) வேண்டும்.

லைனில் மட்டும் கைவைக்காதீர்கள். சுமாரான ராடில் நல்ல லைன் ஓடும், உயர்ந்த ராடில் மட்டமான லைன் ஓடாது. காம்போ செட்டாக வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஏமாற்றம் வந்தால் முதலில் அதோடு வந்த லைனை மாற்றுங்கள். பெட்டியில் "டபிள்யூ.எஃப்.5.எஃப்" என்றிருந்தால் முன்பக்கம் கனத்த, 5-ஆம் எண், மிதக்கும் லைன். தொடங்க அது போதும்.

கேள்வி: பழைய ராட் ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அளவுநாடா எடுத்துக்கொண்டு போங்கள். ராடில் எழுதிய நீளமும் மாட்டிய பின் இருக்கும் நீளமும் ஒத்துவர வேண்டும். இரண்டு அங்குலம் குறைந்தால் நுனி ஒடிந்து, வளையத்தை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இணைப்புகளை மாட்டி மெல்ல ஆட்டுங்கள், "டிக்" சத்தம் வரக்கூடாது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, அது லைனைத் தின்னும். வெளிப்பூச்சில் நகக்கீறல் போன்ற சின்னப் பள்ளம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கனமான ஃப்ளை மோதிய அந்த மாதிரி இடத்தில்தான் கார்பன் பிறகொரு நாள் ஒடியும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இடதுகைக்காரி. தனி ராட் இருக்கிறதா சார்?

பதில்: ராடுக்கு இடது வலது கிடையாது அம்மா. ரீலைத்தான் சுற்றும் கைக்கு ஏற்ப மாற்றி மாட்ட வேண்டும், பெரும்பாலான ரீல்களில் அதற்கு வசதி இருக்கும். 7½ அல்லது 8 அடியில் 4, 5 வெயிட், வளைவு தாராளமான ராட் கொடுங்கள். கைப்பிடி மெலிதாக இருக்கட்டும். பொம்மை ராட் மட்டும் வேண்டாம். அதில் பெரியவர்களாலேயே வீச முடியாது, பிள்ளை தன்மேல் குறை என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: டெங்காரா ராடில் தொடங்கலாமா?

பதில்: ரீல் இல்லாமல், நுனியில் நேராக லைன் கட்டும் ஜப்பானிய முறை அது. சின்ன ஓடையில் சுகமாக இருக்கும். ஆனால் லைனைக் கையால் விட்டு இழுக்கும் பழக்கம் அதில் வராது.

கேள்வி: ராட் வந்துவிட்டது! இன்றைக்கே தண்ணீருக்குப் போகட்டுமா?

பதில்: முதலில் புல்வெளி. சிமெண்ட் தரையில் இழுத்தால் லைன் பூச்சு உரிந்துவிடும். லைன் நுனியில் லீடரை (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழை) கட்டி, ஃப்ளைக்குப் பதில் சின்னக் கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். 30 அடி போதும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். கழுத்தைத் திருப்பிப் பின்வீச்சைப் பார்க்கத் தயங்காதீர்கள். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கார்பன் மின்சாரம் கடத்தும்; இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கொக்கி கட்டும் நாளிலிருந்து கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம், முதல் சில மாதங்களுக்குக் கொக்கி நுனியை ஒட்டியுள்ள எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் ராடை ஈரத்தோடு அதன் உறைக்குழாயில் போட்டு மூடாதீர்கள், கார்க் பூசணம் பிடிக்கும்.