கியோட்டோவில் பகல் இரண்டு மணி

வணக்கம்.

வரும் நவம்பரில் நானும் கணவரும் அம்மாவும் ஜப்பான் போகிறோம். டோக்கியோ பார்த்துவிட்டு கியோட்டோவில் மூன்று இரவு தங்குவதாகத் திட்டம். பார்க்கவேண்டிய இடங்கள் என்று பதினான்கு எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முட்டிவலி உண்டு, சுத்த சைவம். எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். வாழ்க்கையில் ஒருமுறையாவது பாய் விரித்த பழைய ர்யோகான் விடுதியில் தங்கவேண்டும் என்கிறாள் தோழி. உயரமான மாடியில் மலை தெரிகிற அறை கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஆசை. எப்படியும் நாள் முழுக்க வெளியேதான் இருக்கப்போகிறோம், ஹோட்டல் தூங்குவதற்கு மட்டும்தானே என்றும் தோன்றுகிறது. நீங்கள் உங்கள் அம்மாவோடு அங்கே போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நாலைந்து இருக்கின்றன. என்னை உட்கார்ந்து எழுதவைத்தது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் போட்ட வரி. ஹோட்டல் தூங்குவதற்கு மட்டும்தானே! அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் இதையே ஒருவர் சொல்லக் கேட்டேன். குடும்பத்தோடு ஐரோப்பா போய்வந்தவர். பத்து நாளில் ஏழு நாடு. பக்கத்து இலையில் அவருடைய அப்பா. "என்னங்க பார்த்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்ஸு" என்றார். அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுச் சண்டையை முடித்துவிடலாம். கணவர் சொல்வதில் பாதி நியாயம். டோக்கியோ ரயிலும் கான்சாய் விமான நிலையத்து ரயிலும் அங்கேதான் வந்து நிற்கும், சாப்பாட்டுக்கடைகளுக்குக் குறைவில்லை. 1997-இல் திறந்த அந்த நிலையக் கட்டடமே ஒரு வேடிக்கைதான். ஆனால் அது பழைய ஊரின் தெற்கு ஓரம். நடந்துபோகும் தூரத்தில் தோஜி, இரண்டு ஹொங்கன்ஜி கோயில்கள், அவ்வளவுதான்.

உங்கள் தோழிக்கு முட்டிவலி இல்லை என்று நினைக்கிறேன். ர்யோகான் அழகுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் படுக்கை தரையில், மேசை தாழ்வாக, நாற்காலிக்குக் கால் கிடையாது. இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே வந்துவிடும், அதற்குள் நீங்கள் திரும்பியிருக்க வேண்டும். சைவம் என்றால் மீனையும் கறியையும் எடுத்துவிடுவார்கள். சாற்றிலும் கூட்டிலும் இருக்கிற தாஷியை எடுக்கமாட்டார்கள். கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி, கடற்பாசியோடு சேர்த்து இறக்குகிற சாறு அது. அம்மாவுக்குத் துறவிகள் சாப்பிடும் ஷோஜின் சாப்பாடு வாங்கிக்கொடுங்கள். அராஷியாமாவில் தென்ர்யூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே கிடைக்கிறது. நான்சென்ஜி பக்கத்துக் கடைகளில் வெந்நீரில் டோஃபுவை மிதக்கவிட்டுத் தருவார்கள், அதுவும் நன்றாக இருக்கும். தொட்டுக்கொள்ளத் தருகிற சாற்றில் தாஷி உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

மலை தெரிகிற மாடி அறையா? மறந்துவிடுங்கள். 2007-இல் நகராட்சி கொண்டுவந்த விதிப்படி நடு ஊரில் கட்டடம் 31 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்கு முன் 45 வரை விட்டிருந்தார்கள். பத்து மாடி ஏறி ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு பத்து மாடி. 1990களின் தொடக்கத்தில், நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலை 60 மீட்டருக்கு எழுப்பக் கிளம்பியபோது, கியோமிசு போன்ற பெரிய கோயில்கள் அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் உள்ளே வரவேண்டாம் என்று வாசலில் பலகையே வைத்தன. ஹோட்டல் எழும்பியதென்னவோ எழும்பியதுதான். ஆனால் எங்கே தங்கியிருக்கிறாய் என்று சாமியே கேட்ட ஊர் அது.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன்.

கியோட்டோவில் ஒரு ஹோட்டல் நல்லதா கெட்டதா என்பதை நான் ராத்திரியை வைத்துப் பார்ப்பதில்லை. பகல் இரண்டு மணியை வைத்துத்தான். அந்த நேரத்தில் கால் கடுத்து, காது இரைந்து, உங்கள் அம்மா "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒரு கல் திண்டில் உட்காருவார். (ஒன்றுமில்லை என்று சொன்னால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா?) அப்போது கால் மணி நேரத்தில் அவரை ஒரு கட்டிலில் படுக்கவைக்க முடியுமா? முடிந்தால் அது நல்ல ஹோட்டல். தலையணை எத்தனை, காலைப் பலகாரம் என்ன, எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் பிறகு.

இது அந்த ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. 794-இல் தலைநகரம் போட்டபோது, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த சமவெளியில் கட்டம் கட்டமாகத் தெரு போட்டார்கள். நீங்கள் பார்க்கத் துடிக்கிற இடங்களில் பாதிக்குமேல் அந்த மலைகளின் அடிவாரத்தில். கிழக்கே கியோமிசு, மேற்கே அராஷியாமா, வடமேற்கே தங்கக் கோயில், தென்கிழக்கே ஃபுஷிமி இனாரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஊரைக் குறுக்கே கடக்கவேண்டும். எப்படியும் கடக்கத்தானே போகிறீர்கள், நடுவில் ஒரு கட்டில் இருந்தால் என்ன? கராசுமா-ஓயிகே என்ற நிறுத்தத்தில் ஊரின் இரண்டு மெட்ரோ பாதைகளும் சந்திக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம். அங்கேயோ, அதற்கு முந்தைய ஷிஜோவிலோ, மெட்ரோ லிஃப்ட்டுக்குப் பக்கமாகத் தேடுங்கள். தெருவெல்லாம் சமதரை, முட்டிக்கு நல்லது.

நேரக் கணக்கும் இதற்கு ஒத்துவரும். கியோமிசு காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது. விடியலில் டாக்சி பிடித்துப் போனால் கோயிலின் மரமேடையில் நீங்களும் குளிரும் மட்டும். பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றுலா வழிகாட்டிகளின் கொடிகளும் வந்து சேரும். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பெரும்பாலான கோயில்களையும் அதற்குள் சாத்திவிடுவார்கள். ஆனால் இலை சிவக்கும் பருவத்தில் கியோமிசு, எய்கன்தோ போன்ற சில கோயில்களை ராத்திரியில் விளக்குப்போட்டு மறுபடி திறக்கிறார்கள். ஆக, நாளின் இரண்டு முனையும் உங்களுக்கு. நடுப்பகலைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டுப் படுங்கள். 'அவ்வளவு செலவு பண்ணிப் போய்ப் பகலில் தூங்குவதா' என்று கணவர் கேட்பார். கேட்கட்டும்.

நான் என் அம்மாவோடு போனபோது கராசுமாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் சின்ன ஹோட்டல். இரண்டாவது மாடி. ஜன்னலை ஒரு கையகலத்துக்குமேல் திறக்க முடியாது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தங்கக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, "படத்துல இருக்கறமாதிரியேதான் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். மறுநாள் மதியம் அவள் வரவில்லை என்று சொல்லிவிட, நான் மட்டும் வெளியே போய்விட்டுத் திரும்பினேன். கெட்டிலில் வெந்நீர் வைத்து, கொண்டுபோன இன்ஸ்டன்ட் காபியைக் கலந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எதிர்வீட்டுக் கிழவியைப் பாரேன்," என்றாள். "காலையிலயும் கூட்டினா. இப்ப இலை விழுந்துடுச்சுன்னு மறுபடி கூட்டறா. தன் வாசலைக் கூட்டிட்டு, பக்கத்து வீட்டு வாசல்லயும் ஒரு முழம் கூட்டிட்டு, டக்குனு நிறுத்திடறா. ரெண்டு தரமும் அதே எடம்."

நான் பார்த்தேன். குள்ளமான அம்மாள், ஏப்ரன் கட்டியிருந்தார். மூலைக்கோயிலின் கிங்கோ மரத்து இலைகள் மஞ்சளாகத் தெருவெங்கும். துடைப்பம் பக்கத்து வீட்டு எல்லையைத் தாண்டி ஒரு முழம் போயிற்று, நின்றது. பிறகு வாளியிலிருந்து அகப்பையால் தண்ணீர் தெளித்தார். கீழே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். கியோட்டோவில் அதற்குக் காதோஹாகி என்று பெயர். எல்லையோடு நிறுத்தினால் கஞ்சத்தனம். பக்கத்து வீட்டு வாசலை முழுக்கக் கூட்டினால், நீ கூட்டவில்லையே என்று குத்திக்காட்டியதுபோல் ஆகிவிடும், அவர்களுக்கும் கடன்பட்ட உணர்வு. கொஞ்சம் தாண்டி நிறுத்துவதுதான் மரியாதை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இதைக் கேக்க நீ கீழ வேற போனியா?" என்றாள். ஆயுள் முழுக்க வாசல் தெளித்தவள்.

அந்த வீட்டு வாசலில் சிவப்பு வாளி ஒன்று எப்போதும் தண்ணீரோடு இருந்தது. தெளிக்கிற வாளி வேறு, அது வேறு. அதையும் அம்மாதான் கவனித்தாள். தெருவில் பல வீட்டில் இருந்தது. தீக்காக வைப்பது. 1788-இல் ஊரின் பெரும்பகுதி எரிந்து போயிருக்கிறது, 1864-இல் சண்டையில் மறுபடி எரிந்திருக்கிறது. எல்லாம் மரவீடு. இன்றும் வாளியை எடுக்கவில்லை. நான் புத்தகத்தில் படித்துவிட்டு, தெருவில் வாளியைத் தாண்டித் தாண்டி நடந்தவன். பார்த்தது அவள்.

உங்கள் அம்மாவுக்கு எது கண்ணில் படும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பதினான்கு இடம் வைத்திருக்கிறீர்களே, மூன்று நாளில்! அது சுற்றுலா இல்லை, கணக்கெடுப்பு. பட்டியலில் 'கியோனில் கெய்ஷா' என்று ஒன்று இருந்தால் முதலில் அதை அடியுங்கள். விருந்துகளில் ஆடிப்பாடும் வேலைக்குப் போகிற அந்தப் பெண்களைக் கியோன் பகுதியில் சந்துசந்தாகத் துரத்திப் படமெடுத்ததில், 2024-இல் அங்கே தனியார் சந்துகளை அடைத்து, நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

இன்னொன்று. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறவே ஏறாதீர்கள். அங்கே பின்பக்கம் ஏறி முன்பக்கம் காசு போட்டு இறங்கவேண்டும். மார்க்கெட்டுக்குப் போகிற கிழவர்கள் நம் பெட்டிகளைத் தாண்டி முன்னால் வரமுடியாமல் தங்கள் நிறுத்தத்தைத் தவறவிடுகிறார்கள். அவர்கள் ஊர், அவர்கள் பஸ். சுற்றுலாக்காரர்களை மெட்ரோவுக்குத் தள்ளத்தான் பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸையே 2023-இல் விற்பதை நிறுத்தினார்கள். டோக்கியோ ஹோட்டலிலேயே கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் பெட்டி கியோட்டோ ஹோட்டலுக்கு வந்துவிடும். தக்குஹாய்பின் என்று கேளுங்கள். கைப்பையில் ஒரு நாளைக்கான துணியும் அம்மாவின் மாத்திரையும் இருந்தால் போதும்.

அறை போடும்போது 'செமி டபுள்' என்றிருந்தால் தொடாதீர்கள். கட்டில் அகலம் 120 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதில் இருவர் படுப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். இரண்டு தனிக்கட்டில் உள்ள ட்வின் அறையாகப் போட்டு நீங்களும் அம்மாவும் படுங்கள், கணவருக்குத் தனியறை, ரயில் நிலையம் கிடைக்காத வருத்தத்தை அங்கே ஆற்றிக்கொள்ளட்டும். சின்ன ஹோட்டல்களில் குளியல் தொட்டியின் விளிம்பு உயரம், அதைத் தாண்டித்தான் ஷவருக்கே போகமுடியும். தொட்டி இல்லாத ஷவர் அறையோ, கைப்பிடி வைத்த அறையோ உண்டா என்று எழுதிக் கேளுங்கள். கழிவறையைப் பற்றிக் கவலையே வேண்டாம், பொத்தானை அழுத்தினால் வெந்நீர் வரும், அம்மாவுக்கு ஜப்பான்மேல் மரியாதை வந்துவிடும். மதியம் திரும்பிப் படுக்கப்போவதால், காலையிலேயே அறையைச் சுத்தம் செய்யவேண்டாம் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு வந்து விரிப்பு மாற்றுகிறவர்களோடு நின்றுகொண்டிருப்பீர்கள்.

நவம்பர் பின்பாதியில் வாடகை எகிறும், சீக்கிரம் போடுங்கள். அதற்குமேல் ஊர்க்காரர்கள் ஆளுக்கு, இரவுக்கு என்று ஒரு தங்கல் வரி வாங்குகிறார்கள். 2018-இல் தொடங்கியது, 2026 மார்ச் முதல் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் மாதிரி அறைகளுக்குச் சில நூறு யென்தான், முணுமுணுக்காமல் கொடுங்கள்.

பதினான்கில் எதையெல்லாம் அடித்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஐந்துக்குமேல் மிச்சமிருந்தால் பதில் போடமாட்டேன்.